மேக்னம் ரைபிளுக்குத் தோட்டா நிரப்பும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

.300 வின்செஸ்டர் மேக்னத்தில் 1,000 யார்டு இலக்கைச் சுடுகிறவர்கள் குரூப் (ஒரே குறியில் சுட்ட ஷாட்டுகள் விழும் கூட்டம்) விரிந்தால் முதலில் கைவைப்பது வெடிமருந்தில்தான். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) தோள், கழுத்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையம் என்று வேறு எங்கோ இருக்கும். மருந்தை மாற்றினால் பழைய கோளாறு அப்படியே இருக்க, கூடவே புதிதாக ஒரு அறியாத கணக்கும் சேர்ந்துகொள்ளும். ஆகவே அறிகுறியைச் சரியாகப் படித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதற்கான வழிமுறை இது.

அமெரிக்காவைப் போல, தோட்டாவைச் சொந்தமாக நிரப்பிக்கொள்ளச் சட்டம் இடம் தரும் நாடுகளில் சுடுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. .300 வின்செஸ்டரை உதாரணமாக வைத்திருக்கிறோம், 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் போன்ற பெல்ட் (கேஸின் அடியைச் சுற்றிய தடித்த பட்டை) உள்ள மற்ற தோட்டாக்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், அளவுகள் மட்டும் மாறும். மருந்தளவு எதையும் இங்கே தரவில்லை, வேண்டுமென்றே. அது உங்கள் புல்லட்டுக்கும் மருந்துக்கும் உரிய அச்சிட்ட கையேட்டிலிருந்து வரவேண்டும். குறைந்த அளவில் தொடங்கி மேலே போகவேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

துப்பாக்கியின் இரும்பு வேலைகளை முதலில் சரிபாருங்கள். ஆக்ஷனை மரத்தோடு பிடிக்கும் திருகுகள், ஸ்கோப் அடித்தளம், வளையங்கள் எல்லாவற்றையும் முறுக்குவிசை காட்டும் திருப்புளியால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். வளையத் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு வழக்கம். மேக்னத்தின் உதைப்பில் ஸ்கோப் வளையத்துக்குள் மயிரிழை முன்னே நகர்ந்துவிடும். ஸ்கோப் குழாயில் வளையத்தின் ஓரமாகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இருபது ஷாட் கழித்து கோடு விலகியிருந்தால், அன்று சுட்ட எந்தக் குரூப்பும் தோட்டாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

பெல்ட்டுக்குச் சற்று மேலே கேஸில் பளபளப்பான வளையம்

இதுதான் இந்தத் தோட்டாவின் அடிப்படை நோய், ஆபத்தானதும் இதுதான். அந்த வளையம் பித்தளை உள்ளே மெலிந்துகொண்டிருப்பதன் அடையாளம். அடுத்த சுடலிலோ அதற்கடுத்ததிலோ கேஸ் இரண்டாகப் பிரியும். அடிப்பகுதி மட்டும் வெளியே வரும், மீதி சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஒட்டிக்கொள்ளும். வாயு பின்னால் பீறிட்டால் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து.

ஏன் இப்படி? பெல்ட் என்பது 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் காலத்து ஏற்பாடு. அந்தக் குடும்பத்துக் கேஸ்களுக்குத் தோள் மெல்லச் சரிந்திருக்கும், தோட்டாவைச் சேம்பரில் நிறுத்திப் பிடிக்க அந்தச் சரிவு போதாது. அதனால் பெல்ட்டில் நிறுத்தினார்கள். 1935-இல் அமெரிக்காவின் கேம்ப் பெர்ரி சுடுதளத்தில் பென் கம்ஃபர்ட் .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டை வைத்து 1,000 யார்டு விம்பிள்டன் கோப்பையை வென்ற பிறகு பெல்ட் உள்ள மேக்னங்களுக்கு இலக்குச் சுடுகிறவர்களிடம் பெரிய மதிப்பு வந்தது. 1963-இல் வந்த .300 வின்செஸ்டருக்கோ 25 பாகைத் தோள் இருக்கிறது. பெல்ட் இல்லாமலே நிற்கும். இருந்தும் பெல்ட்டை விடவில்லை. தொழிற்சாலைகளும் பெல்ட்டை வைத்தே அளவு பார்ப்பதால், சேம்பரில் தோளுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டுவிடுகிறார்கள். புதுக் கேஸை முதல்முறை சுடும்போது தோள் 0.015 அங்குலமோ அதற்கு மேலோ முன்னே பாய்வது சாதாரணம்.

அந்த முதல் பாய்ச்சலைக் கேஸ் தாங்கும். கெடுப்பது அடுத்து நாம் செய்வது. சுட்ட கேஸைப் பழைய அளவுக்கு நெருக்கும் அச்சான டையுடன் வரும் குறிப்பு, கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி இன்னும் கொஞ்சம் திருகு என்கிறது. அப்படிச் செய்தால் தோள் பழைய இடத்துக்கே தள்ளப்படும். அடுத்த சுடலில் மறுபடி முன்னே பாயும். நாலைந்து முறை நடந்தால் பெல்ட்டுக்கு மேலே பித்தளை தீர்ந்துவிடும்.

சோதனை எளிது. காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியில் 2 மி.மீ. அளவு செங்குத்தாக மடித்து, நுனியைக் கூராக்குங்கள். கேஸுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரை ஒட்டி மேலே இழுங்கள். பெல்ட்டுக்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கேஸ் முடிந்தது. அந்த ஒன்றை மட்டும் தூக்கிப் போட்டால் போதாது, அதே முறையில் நிரப்பிய மொத்தத் தொகுதியையும் ஒதுக்குங்கள்.

சரிசெய்வது இப்படி:

உங்கள் துப்பாக்கியில் சுட்ட கேஸின் பழைய பிரைமரை எடுத்துவிட்டு, தோள் கம்பாரேட்டரைக் கேலிப்பரில் மாட்டி அடியிலிருந்து தோள்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சுடலில் தோள் முழுதாக நிரம்பாமல் இருக்கலாம்; இரண்டு மூன்று முறை சுட்ட கேஸ் நம்பகமானது.

டையை ஷெல் ஹோல்டருக்கு மேல் ஒரு முழுச் சுற்று உயரத்தில் வைத்துத் தொடங்குங்கள். வழக்கமான டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு சுற்று 0.071 அங்குலம், பதினாறில் ஒரு சுற்று ஏறக்குறைய 0.0045 அங்குலம். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒவ்வொரு முறையும் அளங்கள். தொடக்கத்தில் அளவு குறையாது, கூடும். உடலை டை நெருக்கும்போது தோள் மேலே எழும்புவதுதான் காரணம். அதைப் பார்த்துப் பயந்து வேகமாகத் திருகிவிடாதீர்கள். பிறகு அளவு இறங்கத் தொடங்கும். சுட்ட கேஸின் அளவிலிருந்து 0.002 அங்குலம் குறைந்ததும் நிறுத்திப் பூட்டுங்கள்.

போல்ட்டிலிருந்து அடியூசியையும் கேஸ் தள்ளியையும் கழற்றிவிட்டு அந்தக் கேஸைச் சேம்பரில் போட்டுப் பாருங்கள். கைப்பிடி தன் எடையிலேயே இறங்கவேண்டும், அல்லது கடைசியில் லேசான ஒரு தொடுகை தெரியவேண்டும். இனி உங்கள் தோட்டா தோளில் நிற்கிறது. பெல்ட் வெறும் அலங்காரம்.

போல்ட் கைப்பிடி இறுக்கம்

மூடும்போது இறுக்கமா, சுட்ட பின் தூக்கும்போது இறுக்கமா? இந்த இரண்டையும் கலக்கக் கூடாது.

மூடும்போது இறுக்கம் என்றால் அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கேஸ் சேம்பரைவிடப் பெரிதாக இருக்கிறது. கருப்பு மார்க்கரால் கேஸ் முழுவதும் பூசி, காயவிட்டு, போல்ட்டை மூடித் திறங்கள். மை தேய்ந்த இடம் பதில் சொல்லும். தோளில் தேய்ந்திருந்தால் டையை இன்னும் ஒரு பங்கு இறக்கவேண்டும். பெல்ட்டுக்குச் சற்று மேலே வளையமாகத் தேய்ந்திருந்தால் அங்கே கேஸ் வீங்கியிருக்கிறது. சாதாரண டை அந்த இடம்வரை எட்டாது. பலமுறை சுட்ட கேஸ்களில் வீக்கம் சேர்ந்துகொண்டே போகும். அதற்கென்றே விற்கும் காலெட் டை அந்த இடத்தைச் சுற்றி நெருக்கிச் சரிசெய்யும். கழுத்தின் விளிம்பில் தேய்ந்திருந்தால் கேஸ் நீண்டுவிட்டது. உச்ச நீளம் 2.620 அங்குலம்; 2.610-க்கு வெட்டுங்கள். நீண்ட கழுத்தை அலட்சியம் செய்யாதீர்கள். விளிம்பு சேம்பரின் முனையில் முட்டிப் புல்லட்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் திடீரென எகிறும்.

சுட்ட பின் தூக்கும்போது இறுக்கம் என்றால் அன்றைக்குச் சுடுவதை அதோடு நிறுத்துங்கள். பிரைமர் தட்டையாகிவிட்டதா என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மென்மையான கிண்ணம் உள்ள பிரைமர் நல்ல அளவிலும் தட்டையாகும், கடினமானது ஆபத்தான அளவிலும் வட்டமாகவே இருக்கும். கேஸின் அடியில் கேஸ் தள்ளியின் துளை வட்டமாகப் பளபளத்துப் பதிந்திருக்கிறதா, பிரைமர் குழி தளர்ந்து அடுத்த பிரைமர் எதிர்ப்பில்லாமல் போகிறதா, இவைதான் நம்பகமான சாட்சிகள். எல்லாவற்றுக்கும் மேல் புல்லட்டின் வேகம் அளக்கும் கிரோனோகிராஃப்: அதே குழல் நீளத்துக்கும் புல்லட்டுக்கும் கையேடு சொல்லும் உச்ச வேகத்தை உங்கள் தோட்டா தாண்டினால், மருந்தளவு எவ்வளவாக இருந்தாலும் அழுத்தமும் தாண்டிவிட்டது. இலவச வேகம் என்று ஒன்று கிடையாது. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 64,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). கைப்பிடி இறுகும்போது பல துப்பாக்கிகள் அதை எப்போதோ கடந்திருக்கும்.

பல மாதங்கள் நன்றாக இருந்த அளவு ஒருநாள் திடீரென இறுகினால், பார்க்கவேண்டிய வரிசை: கழுத்து நீளம், வெயிலில் கிடந்த தோட்டாப் பெட்டி, சேம்பரில் எண்ணெய் அல்லது ஈரம், புதுத் தொகுதி மருந்து, கடைசியாக, பலரும் மறந்துவிடும் கார்பன் வளையம். கேஸின் விளிம்புக்கு முன்னால், புரி (குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள்) தொடங்கும் இடத்தருகே கரி கெட்டியாகப் படிந்து வழியைக் குறுக்கிவிடும். 70 கிரெயினுக்கு (ஒரு கிரெயின் ஏறக்குறைய 0.065 கிராம்) மேல் மருந்து எரியும் குழலில் இது சீக்கிரம் வரும். குழலுக்குள் பார்க்க உதவும் போர்ஸ்கோப் விட்டால் கருப்புப் பட்டையாகத் தெரியும். சாதாரணத் தாமிரக் கரைப்பான் இதைத் தொடாது. கார்பன் கரைப்பானில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷில் மெருகேற்றும் பசை தடவி அந்த இடத்தில் மட்டும் தேய்க்கவேண்டும்.

தூக்கும்போது லேசாக இருந்து, உச்சியில் மட்டும் ‘டிக்’ என்று தட்டினால் அது பெரும்பாலும் பெல்ட்டுக்கு மேலிருக்கும் அந்த வீக்கம்தான்.

1,000 யார்டில் குரூப் மேலும் கீழுமாக நீள்கிறது

215 கிரெயின் எடைப் புல்லட் விநாடிக்கு 2,850 அடியில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். வேகம் 10 அடி மாறினால் 1,000 யார்டில் அடி விழும் இடம் 2 முதல் 3 அங்குலம் மேலோ கீழோ போகும். எஃப்-கிளாஸ் (தாங்கியில் வைத்துச் சுடும் நீண்டதூரப் போட்டி) இலக்கில் எக்ஸ் வளையம் 5 அங்குலம், பத்துப் புள்ளி வளையம் 10 அங்குலம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கிரோனோகிராஃப் எண்களைப் பாருங்கள்.

இங்கே பலர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்வது ஐந்து ஷாட் எண்ணிக்கையில். திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 10 அடி உள்ள தோட்டா, ஐந்து ஷாட்டில் சராசரியாக 23 அடி வீச்சுதான் (உச்ச வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளி) காட்டும்; இருபது ஷாட்டில் 37 அடி காட்டும். போட்டியில் இருபது ஷாட்தான் சுடப்போகிறீர்கள். 37 அடி என்றால் காற்றே இல்லாத நாளிலும் எட்டு அங்குலத்துக்கு மேல் உயரம். ஐந்து ஷாட்டில் ‘வீச்சு 9 அடிதான்’ என்று பார்த்து ஒரு அளவைத் தேர்ந்தெடுப்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குச் சமம். திட்ட விலக்கத்தைப் பாருங்கள், குறைந்தது இருபது ஷாட்டில் பாருங்கள். 10-க்குக் கீழே வந்தால் நல்லது. 6, 7 என்றால் வேலை முடிந்தது.

விலக்கம் அதிகமாக இருந்தால் எங்கே தேடுவது? தராசிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். இந்தக் கேஸில் 0.1 கிரெயின் மாறினால் வேகம் ஏறக்குறைய 3 முதல் 4 அடிதான் மாறும். ஒவ்வொரு துணுக்காக எண்ணிப் போடுவது மனதுக்கு நிம்மதி தரும், இலக்கில் பெரிதாகத் தெரியாது. தராசை அரைமணி நேரம் சூடாகவிட்டு, சோதனை எடைக்கல்லால் சரிபார்த்து, ± 0.05 கிரெயினுக்குள் வைத்தால் போதும்.

அதைவிட முக்கியம் கழுத்து. பித்தளை ஒவ்வொரு சுடலிலும் கடினமாகிறது; சில கேஸ்கள் புல்லட்டை இறுக்கியும் சில தளர்த்தியும் பிடிக்கும். புல்லட்டை உட்காரவைக்கும்போது பிரஸ் கைப்பிடியில் உணர்வு கேஸுக்குக் கேஸ் மாறினால் விடை கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சுடலுக்கும், முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு சுடலுக்கு, கழுத்தைச் சூடேற்றிப் பதப்படுத்துங்கள். கழுத்தின் உள்விட்டம் புல்லட்டைவிட 0.002 அங்குலம் குறைவாக இருக்கும்படி டை புஷ்ஷிங்கை (டைக்குள் கழுத்தை நெருக்கும் வளையம்) தேர்ந்தெடுங்கள். மீயொலித் தொட்டியில் கழுவி உள்ளே வெறும் பித்தளையாக்கியிருந்தால் புல்லட் ஒட்டிப் பிடிக்கும். கிராஃபைட் தூளில் கழுத்தைத் தோய்த்தெடுத்தால் அது தீரும்.

அடுத்தது பிரைமர். இவ்வளவு மெதுவாக எரியும் மருந்தை, இவ்வளவு அதிகமாக, ஒரே மாதிரி பற்றவைக்க மேக்னம் பிரைமர் வேண்டும்: ஃபெடரல் 215, சிசிஐ 250, வின்செஸ்டரின் மேக்னம் ரைபிள் பிரைமர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் மருந்தளவைக் குறைத்து மறுபடி கீழிருந்து ஏறவேண்டும்; பிரைமரால் அழுத்தம் மாறும். குழியின் அடியைத் தொட்டு உட்காரும்வரை அழுத்துங்கள், கேஸின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே. பாதி உட்கார்ந்த பிரைமர் அடியூசியின் பலத்தைத் தானே தின்றுவிடும்.

நிரப்பும் அளவும் பார்க்கவேண்டியது. ஹாட்ஜ்டன் எச்1000, ரெட்டம்போ போன்ற மெதுவான மருந்துகள் கேஸைக் கிட்டத்தட்ட நிறைக்கும். அதனால் எரிதல் சீராக இருக்கும். கேஸில் நிறைய வெற்றிடம் இருந்தால் மருந்து முன்னே கிடக்கிறதா பின்னே கிடக்கிறதா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். மெதுவான மருந்தைக் கையேட்டின் குறைந்த அளவுக்கும் கீழே போடுவது இன்னும் மோசம். சீரற்ற பற்றலும் எதிர்பாராத அழுத்த எழுச்சியும் வரலாம்.

வேக எண்கள் நன்றாக இருந்தும் ஒரு ஷாட் மட்டும் உயரப் போகிறதா? சூடான சேம்பரில் அந்தத் தோட்டா எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று யோசியுங்கள். புள்ளி பார்க்க இறக்கிய இலக்கு மறுபடி மேலே வரவோ, காற்று அடங்கவோ காத்திருக்கும்போது மருந்து சூடேறும், வேகம் கூடும். சுடத் தயாராகும்வரை தோட்டாவைச் சேம்பரில் போடாதீர்கள்.

100 யார்டில் ஒரே ஓட்டையில் விழுகிறது, 1,000-இல் சிதறுகிறது

100 யார்டில் வேக வேறுபாடு தெரியாது; அங்கே ஐந்தும் ஒரே ஓட்டையில் விழுந்தாலும் மேலே சொன்ன கோளாறு அப்படியே ஒளிந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அது இல்லையென்றால் புல்லட்டின் சுழற்சி போதவில்லையா என்று பாருங்கள். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழல் 215, 220 கிரெயின் புல்லட்டுகளுக்குச் சரியாக வரும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அந்த நீளமான புல்லட்டுகளை மறந்துவிட்டு 190 கிரெயின் அளவுக்கு இறங்குங்கள். நிலைத்தன்மைக் குறியீடு 1.5 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் புல்லட் உருளாவிட்டாலும் காற்றை வெட்டும் திறனை இழக்கும். ஸ்கோப்பின் பாரலாக்ஸை (கண் அசைந்தால் குறி இலக்கின் மேல் நகர்வதாகத் தெரியும் பிழை) கண்ணை அசைத்துப் பார்த்துச் சரிசெய்வதும் இங்கேயே செய்யவேண்டிய வேலை; எண் வளையத்தில் எழுதியிருக்கும் தூரத்தை நம்பவேண்டாம்.

குரூப் பக்கவாட்டில் மட்டும் நீண்டால் தோட்டாவை விட்டுவிடுங்கள். மணிக்கு ஒரு மைல் குறுக்குக் காற்றைத் தவறவிட்டாலே 1,000 யார்டில் 5, 6 அங்குலம் போய்விடும். மேசையில் இதற்கு மருந்து இல்லை.

நூறு யார்டிலேயே இரண்டு கூட்டமாக விழுகிறது

உட்காரும் ஆழத்தைத் தொடுங்கள். நுனியிலிருந்து அளக்காதீர்கள், நுனி ஒன்றுக்கொன்று மாறும். புல்லட்டின் வளைவு முழு விட்டத்தைத் தொடும் இடத்திலிருந்து கம்பாரேட்டரால் அளங்கள். மருந்தளவை நடுத்தரத்தில் நிறுத்தி, புரி தொடங்கும் இடத்திலிருந்து 0.010, 0.040, 0.070, 0.100 அங்குலம் பின்னே என்று நான்கு ஆழங்களில், ஒவ்வொன்றிலும் ஆறு ஷாட், மூன்று மூன்றாகச் சுடுங்கள். எங்கே குறுகுகிறதோ அதன் இருபுறமும் 0.005 அங்குலப் படிகளில் தேடுங்கள். கூர்மையான வளைவு கொண்ட விஎல்டி (மிகக் குறைந்த காற்றுத்தடை) வகைகள் இதில் அடம்பிடிக்கும். இரண்டு விதமான வளைவைக் கலந்த ஹைப்ரிட் வகைகள் பொறுத்துப்போகும். புரியில் முட்டும்படி வைத்தால் அழுத்தம் ஏறும், மருந்தைக் குறைத்துத்தான் அதைச் சோதிக்கவேண்டும்.

மேகஸினில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இன்னொன்று. .300 வின்செஸ்டரின் கழுத்து 0.264 அங்குலம்தான், புல்லட்டின் விட்டத்தைவிடவும் குட்டை. உதைப்பில் மேகஸினின் முன்சுவரில் புல்லட் இடித்து உள்ளே தள்ளப்படலாம். நான்கு ஷாட் சுட்டுவிட்டு மிச்சமிருக்கும் தோட்டாவை அளந்து பாருங்கள். நகர்ந்திருந்தால் கழுத்துப் பிடிப்பைக் கூட்டுங்கள், அல்லது ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுங்கள்.

கழுத்திலும் தோளிலும் கரி

கேஸ் சேம்பரை அடைக்கும் அளவுக்கு அழுத்தம் எழவில்லை, அல்லது கழுத்து இறுகிப்போய் விரிய மறுக்கிறது. தொடக்க அளவில் இது சகஜம், மேலே போகும்போது மறையும். மறையாவிட்டால் பதப்படுத்துங்கள். கூடவே பிரைமர் வெளியே துருத்தியிருந்தால் அழுத்தம் மிகக் குறைவு. தோள் மிகவும் பின்னே தள்ளப்பட்டிருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

சொடுக்கியும் வெடிக்கவில்லை, அல்லது தாமதித்து வெடிக்கிறது

குழலை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். பிறகுதான் போல்ட்டைத் திறக்கவேண்டும். பிரைமரில் குழி ஆழமில்லையென்றால் அடியூசி, அதன் சுருள்வில், அல்லது முழுதாக உட்காராத பிரைமர். குழி ஆழமாக இருந்து வெடிக்கவில்லையென்றால் பிரைமரில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஒலி மெலிதாக வந்து உதைப்பு இல்லாமல் இருந்தால், அடுத்த தோட்டாவைப் போடுமுன் போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். புல்லட் உள்ளே சிக்கியிருக்கலாம்.

ஆண்டு முழுக்க நன்றாக இருந்தது, மெல்ல மெல்லக் குரூப் விரிகிறது

தொண்டை, அதாவது குழலில் புரி தொடங்கும் இடம், தேய்கிறது. போட்டி வேகத்தில் சுடும் .300 வின்செஸ்டர் குழல் 1,000 முதல் 1,500 ஷாட் வரை கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு 200 ஷாட்டுக்கும் புரி தொடங்கும் இடத்தை அதே புல்லட்டால் அளந்து குறித்து வாருங்கள். அது முன்னே போவதைத் துரத்திக்கொண்டு ஆழத்தை மாற்றவேண்டுமென்பதில்லை. பல புல்லட்டுகள் கொஞ்சம் கூடுதல் தாவலை (புரியைத் தொடுமுன் புல்லட் கடக்கும் தூரம்) பொறுக்கும், குரூப் விரிந்தால் மட்டும் ஆழச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதே மருந்தளவில் வேகம் 30, 40 அடி குறைந்திருந்தால் மருந்தைக் கூட்டி அதை ஈடுகட்டுவதற்குக் கையேட்டின் உச்ச அளவுவரை மட்டுமே இடமுண்டு. அதற்குமேல் புதுக் குழல்தான். புதுக் குழலும் முதல் நூறு, நூற்றைம்பது ஷாட்டில் வேகம் ஏறும். அது அடங்கும்வரை இறுதி அளவைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.